ஈகையா, ஒப்புரவா?

மானிடப் பிறவி எடுத்த யாவருக்கும் பிணி, மூப்பு, சாக்காடு என்னும் மூன்றும் பொதுவானவை என்பது எல்லோரும் அறிந்த விடயம். இவற்றுள் பிணி வரும், போகும். சாக்காடு ஒருமுறைதான் வரும். மூப்பு மட்டுமே நாள்தோறும் சிறிது சிறிதாக வந்து, வந்த இடத்தை விட்டு நீங்காமல் இருப்பது. கோயில் வீதியை மூன்று முறை வலம் வந்தவர் ஒருமுறை வரத் தொடங்குகிறார். பின்பு தேர்முட்டியடியில் அமர்ந்து கும்பிடுகிறார். அதன் பின்பு வீட்டு விறாந்தையில் இருந்தபடியே பூசை மணியைக் கேட்டுக் கைகூப்புகிறார். அவர் கோயிலுக்கு வராமல் விட்டது எந்த நாளிலிருந்து என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமங்களில் இத்தகைய விறாந்தைகள் இன்று பல. 1983 ஆம் ஆண்டின் பின் இளையவர்கள் கனடா, இலண்டன், பிரான்ஸ், சுவிஸ் என்று புறப்பட்டார்கள். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் அத்தனை பேரும் மழைக்குள் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, முதியவர்களைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு போனவர்களின் பிள்ளைகளும் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்கள். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 12 பேருக்கும் அதிகம். எங்கள் பக்கத்து ஊர் ஒழுங்கைகளில் நடந்து பார்ப்பவருக்கு அது இன்னும் கூடுதலாகவே தோன்றும். ஆறு அறை கொண்ட வீட்டில் ஓர் அறையில் மட்டும் விளக்கு எரியும். கேற்றில் வெளிப்பூட்டுப் போடாமல் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்நிலையில் ஊர்கள்தோறும் சிலர் தாமாக முன்வந்து தொண்டு செய்கின்றனர். சனசமூக நிலைய இளைஞர்கள், மாதர் சங்கத்தார், ஓய்வுபெற்ற ஆசிரியைகள், அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் எனப் பலரும் அவர்களுள் அடங்குவர். கிளினிக் நாளில் முதியவரை ஓட்டோவில் ஏற்றிச்சென்று, இலக்கத் துண்டு எடுத்து, மருந்து வாங்கிக் கொடுத்து, வீட்டில் இறக்கிவிடுகிறார்கள். மாதத்தில் ஒருநாள் மண்டபத்தில் கூடிப் பாட்டு, பேச்சு, தாயம், மத்தியானச் சாப்பாடு என்று பொழுதைக் கழிக்க வைக்கிறார்கள். எழுந்து வர இயலாதோருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறார்கள். சம்பளம் இல்லை. பெற்றோல் காசும் பெரும்பாலும் கைக்காசுதான். இது நற்பணி என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

ஆனால் நற்பணிக்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியைத் தொண்டர்கள் கேட்கவில்லை. ஓர் ஆச்சிதான் கேட்டார். வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சலுடன் வாசலில் நின்ற பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எனக்கேன் மோனை பார்சல்? இல்லாத சனத்துக்குக் கொண்டுபோய்க் குடு. நான் இண்டைவரைக்கும் ஆரிட்டையும் கையேந்தேல்லை” என்றார். பையன் திகைத்துப் போனான். ஆச்சியின் அடுப்பு இரண்டு நாளாக எரியவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அது அவனுக்குத் தெரியும் என்பது ஆச்சிக்கும் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னார்.

இதனைக் கேட்டவர்கள் கிழவிக்கு வீண் வீம்பு என்றனர். வீம்பு என்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும் எழுபது, எண்பது ஆண்டுகள் தோட்டம் கொத்தி, மாடு வளர்த்து, பிள்ளைகளைப் படிப்பித்து, வந்தவருக்கு இலைபோட்டு வாழ்ந்த ஒருவருக்கு, முதன்முதலாகக் கை தாழும்போது மனம் கூசுவது குற்றமா? பசி பெரிதா, மானம் பெரிதா என்று அவர் தமக்குள் வழக்காடியிருக்க வேண்டும். கொடுப்பவரின் மனம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் நூல்கள் ஏராளம். பெறுபவரின் மனத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

திருவள்ளுவர் அதைப் பேசியிருக்கிறார். ஈகையைப் போற்றும் அதிகாரத்திலேயே, நல்ல வழி என்று எவரும் சொன்னாலும் பிறரிடம் ஏற்பது தீதே என்ற கருத்தை அவர் வைத்திருக்கிறார். கொடுப்பது நன்று, வாங்குவது தீது என்றால் வாங்க ஆளில்லாமல் கொடுப்பது எங்ஙனம் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. விடை அதே குறளில், ஓர் அதிகாரம் முன்னே இருக்கிறது. 23 ஆவது அதிகாரம் ஈகை. அதற்கு முந்திய 22 ஆவது அதிகாரம் ஒப்புரவறிதல். ஈகை இல்லாத வறியவருக்கு உள்ளவர் கொடுப்பது. அங்கே மேல்கை ஒன்று, கீழ்கை ஒன்று. ஒப்புரவு அப்படியன்று. அது ஊரோடு ஒத்து வாழ்தல். ஊர்ப் பொதுக்குளத்தில் நீர் நிறைவதையும், ஊர் நடுவே நிற்கும் மரம் பழுப்பதையும் வள்ளுவர் அதற்கு உவமையாக்கினார். குளத்தில் தண்ணீர் அள்ளுகிறவர் குளத்துக்கு நன்றி சொல்லித் தலைகுனிவதில்லை. அள்ளுவோரின் பெயரைக் குளமும் எழுதி வைப்பதில்லை.

வடபகுதியின் பழைய வீதிகளில் இதற்குக் கண்கண்ட சாட்சிகள் உள்ளன. தலைச்சுமையோடு வருபவர் பிறர் கையை எதிர்பாராமல் சுமையை இறக்கி ஏற்றத் தோளுயரத்தில் கட்டிய சுமைதாங்கிகள், மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்ட ஆவுரஞ்சிக் கற்கள், அவற்றின் அருகே கேணி, வழிப்போக்கர் தங்க மடம். பருத்தித்துறையில் தெருவுக்கு மேலே கூரை போட்டதுபோல நிற்கும் தெருமூடி மடத்தை இன்றும் காணலாம். கருவோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டும் வழக்கம் இருந்தது. அந்தக் குடும்பத்தின் துயரம் வழியில் போகும் முன்பின் அறியாத ஒருவரின் கழுத்துநோவைத் தீர்த்தது. சுமையை இறக்கியவர் எவருக்கும் கடன்பட்டதாக நினைத்திருக்க மாட்டார். முதியோருக்குச் செய்யும் தொண்டு இந்தக் கல்லைப்போல இருத்தல் வேண்டுமா, அல்லது கையை நீட்டச் சொல்லிக் கொடுப்பதாக இருத்தல் வேண்டுமா என்பதே ஆச்சி கேட்ட கேள்வியின் உட்பொருள்.

சொற்களும் இதில் பங்கு வகிக்கின்றன. வறியவருக்கு அரசாங்கம் வழங்கி வந்த பொதுசன மாதாந்த உதவிப்பணத்தைத் தமிழர்கள் ‘பிச்சைச் சம்பளம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டனர். கந்தோரில் படிவம் நிரப்ப வந்தவர்களும் அச்சொல்லைத்தான் சொன்னார்கள். படிவத்தை வாங்கியவர்களும் அதையே சொன்னார்கள். அதே கொடுப்பனவுக்குச் சிங்கள மக்கள் வைத்த பெயர் ‘பின் படி’. பின் என்றால் புண்ணியம். படி என்றால் சம்பளம். காசு ஒன்றுதான், படிவம் ஒன்றுதான். ஒரு மொழியில் புண்ணியமாக இருந்தது மற்றொரு மொழியில் பிச்சையாகிவிட்டது. வாங்கும் முதியவர் கந்தோர்ப் படியில் தலையைக் குனிந்துகொண்டு ஏறியதற்கு இச்சொல்லும் ஒரு காரணம். இன்று கொடுப்பனவுகளின் பெயர்கள் மாறிவிட்டன, வாய்ப்பழக்கம் மாறவில்லை.

படம் பிடித்தல் அடுத்த விடயம். அரிசி மூட்டை கொடுக்கும்போது கொடுப்பவரும் வாங்குபவரும் மூட்டையின் இரு காதுகளையும் பிடித்தபடி கமராவைப் பார்க்கிறார்கள். கொடுப்பவர் சிரிக்கிறார். வாங்குபவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அந்தப் படம் கனடாவில் இருக்கும் அவருடைய மருமகளின் கைத்தொலைபேசிக்கும் போய்ச் சேருகிறது. காசு அனுப்பியவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது உண்மைதான். அதற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது, இடாப்பு இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது, முகம் தேவையில்லை. கோயில்களும் இதில் குற்றமற்றவை அல்ல. உபயகாரரின் பெயரைக் குழல்விளக்கின் மேலேயே எழுதி, விளக்கின் வெளிச்சத்தில் பாதியை மறைப்பது கோயில் மண்டபங்களில் நடந்த காரியந்தான்.

சைவ உலகில் முதியவர் என்றதும் நினைவுக்கு வருபவர் திருநாவுக்கரசு சுவாமிகள். அவருக்கு அப்பர் என்ற பெயரைக் கொடுத்தவர் ஒரு பாலகர். சீகாழியிலே திருஞானசம்பந்தர் அவரை அப்படி அழைத்தார். பாலகர் முதியவருக்கு உணவோ உடையோ கொடுக்கவில்லை. தந்தை என்ற உறவைக் கொடுத்தார். பிள்ளை பெறாத ஒரு துறவி அன்று முதல் அப்பரானார். தொண்டர்கள் வாசலில் நின்று முதற்சொல்லாக “ஆச்சி”, “அப்பு” என்று அழைக்கும்போது அதே காரியந்தான் நடைபெறுகிறது. அதனை இடாப்பில் ‘பயனாளி இலக்கம் 14’ என்று எழுதினால் கெட்டுப்போகிறது. இடாப்பு வேண்டும், ஆனால் இடாப்பை வாசலுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது நிகழ்ந்ததைப் பெரியபுராணம் கூறுகின்றது. அடியார்களுக்கு அமுதளிக்க அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு வைத்தருளினார். அப்பர் பெற்ற காசு கடையில் வாசி இல்லாமல், அதாவது வட்டம் கழிக்காமல் மாறியது. சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி கேட்டார்கள். காரணம் கேட்டபோது, அப்பர் கையினால் உழவாரத் தொண்டு செய்பவர் என்று விடை வந்தது. இளையவருக்குக் கிடைத்தது மகனுக்குத் தந்தை கொடுத்த காசு. முதியவருக்குக் கிடைத்தது வேலை செய்தவரின் காசு. வயதில் முதிர்ந்தவர் என்பதற்காக அவருடைய கையிலிருந்து உழவாரப் படையை எவரும் வாங்கி வைக்கவில்லை.

ஊர்களில் முதியோர் ஒன்றுகூடல் சிறப்பாக நடக்கும் இடங்களை உற்றுநோக்கினால் இந்த உண்மை புலப்படும். முதியோரைக் கதிரையில் வரிசையாக இருத்தி, பொன்னாடை போர்த்தி, அதிதிகள் நால்வர் பேசி அனுப்பும் கூட்டத்துக்கு அடுத்த முறை பாதிப் பேர்தான் வருவார்கள். கந்தபுராண படனத்துக்குப் பயன் சொல்ல இப்போது ஆள் கிடைப்பது அரிது. திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணத்தைப் பண்ணோடு படிக்கத் தெரிந்தவர் ஊருக்கு இருவர், மூவர்தான். அவர்கள் எல்லோரும் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள். அவர்களைச் சாப்பாட்டுக்கு அழைப்பதற்குப் பதிலாகப் படிப்பிக்க அழைத்த இடத்தில், கோலை ஊன்றிக்கொண்டு நேரத்துக்கு முன்பே வந்து இருக்கிறார்கள். நீத்துப்பெட்டி பின்னத் தெரிந்தவர், மோதகத்துக்குப் பதமாக மா பிடிக்கத் தெரிந்தவர், ஒடியற்கூழுக்கு எது முதலில் போடுவது என்று தெரிந்தவர், இந்தக் காணியின் எல்லைப் பனை எங்கே நின்றது என்று சொல்லக்கூடியவர் என எல்லோரிடமும் ஊருக்குத் தேவையான ஒன்று இருக்கிறது. அன்னதான நாளில் மரக்கறி வெட்ட ஆச்சிமாரை அழையுங்கள். கதை நடக்கும், காயும் நடக்கும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுவது நியாயமே. வேலை செய்பவருக்குத்தான் மதிப்பு என்றால், வேலை செய்ய இயலாதவரின் கதி என்ன? பாயில் விழுந்து பேச்சும் இழந்தவரிடம் ஊர் எதனைப் பெறப்போகிறது? பயன் உள்ளவரை மதிப்பு என்ற கொள்கை மாட்டுச் சந்தைக்குப் பொருந்தும், மனிதருக்குப் பொருந்தாது. இதே அப்பர் சுவாமிகள் திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் பசியாலும் தாகத்தாலும் களைத்தபோது, இறைவன் அந்தணராக வந்து சோலையும் குளமும் உண்டாக்கிப் பொதிசோறு கொடுத்தார். அப்பர் அங்கே உழவாரம் செய்யவில்லை. கேட்கவும் இல்லை. கொடுத்ததை வாங்கி உண்டார். வாசியில்லாக் காசு பெற்றவருக்குச் சும்மா வந்த சோற்றை வாங்கிக்கொள்ளவும் தெரிந்திருந்தது. செய்யும் காலத்தில் செய்தவர் வாங்கும் காலத்தில் வாங்குவது இழிவன்று. ஊர் என்பது ஒருநாளில் தீரும் கணக்கன்று. பனங்கொட்டை புதைத்தவர் அந்தப் பனையில் நுங்கு குடிப்பது பெரும்பாலும் இல்லை. இன்று சைக்கிளில் பார்சல் கொண்டுபோகும் பையன் படித்த பள்ளிக்கூடத்துக் கிணறு அந்த ஆச்சியின் காலத்துச் சிரமதானத்தில் வெட்டியதாக இருக்கலாம். அவன் அவருக்குக் கொடுக்கவில்லை. முன்னே எடுத்ததைத் திருப்பி வைக்கிறான். திருப்பி வைக்கும்போது அளந்து பார்ப்பதும் இல்லை.

அப்படியானால் பெற்ற பிள்ளைகளின் கடமை என்னாவது? இதுவே பலர் வாய்விட்டுக் கேட்கும் வினா. தொண்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று பிள்ளைகள் கைகழுவுவதற்கு இத்தொண்டு வழி செய்கிறதா? 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணித்தலாகாது என்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்துப் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் பெற அதில் இடமுண்டு. நல்ல சட்டம், எனினும் பிள்ளைக்கு எதிராகப் படிவத்தில் கையொப்பமிடும் தாய் இந்தப் பக்கத்தில் அரிதிலும் அரிது. பட்டினி கிடந்தாலும் “அவன் பாவம், அங்கை குளிருக்கை நிண்டு கஷ்டப்படுறான்” என்பார். அவன் உண்மையாகவே கஷ்டப்படுவதும் உண்டு. விசா இல்லாமல் தாயின் செத்தவீட்டுக்கும் வர முடியாமல், அறைக்குள் இருந்து கைத்தொலைபேசியில் கொள்ளியைப் பார்த்து அழுத பிள்ளைகளை ஊர் அறியும். எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. போரில் பிள்ளைகளை இழந்தவர்களும், பிள்ளைகள் எங்கே என்று தெரியாமலே முதுமையடைந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் பிள்ளைகள் கடமை பற்றிப் பேச எவருக்கும் வாய் வராது.

பிள்ளையின் கடனைத் தொண்டர் தீர்க்க முடியாது, தீர்க்கத் தேவையும் இல்லை. தேர்த் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கில் உபயம் அனுப்பிவிட்டுத் தாய்க்கு மாதம் ஒருமுறை தொலைபேசி எடுக்க நேரமில்லாதவருக்கு, அந்த உபயத்தை வாங்கும் கோயிலாராவது ஒருசொல் சொல்லலாம். உபயம் குறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் அதைச் சொல்லாமல் விடுவது தர்மகர்த்தாக்களுக்கு அழகன்று.

மண்டபம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோயில் மண்டபத்தில் கூடுவோம் என்றால் ஊரிலுள்ள முதியவர் அனைவரும் வருவார்களா? 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்த காலத்தில் இளைஞராக இருந்தவர்கள்தான் இன்று எண்பது வயதுக்காரர். கதவு திறந்து பல காலம் ஆகிவிட்டது. என்றாலும் பழகிய கால் வெளிவீதியிலேயே நின்றுவிடுகிறது. அங்கிருந்து கும்பிட்டுவிட்டுப் போகும் ஒருவரை ஒலிபெருக்கி அறிவித்தல் உள்ளே கொண்டுவராது. ஆள் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். அதேபோல மாதா கோயிலுக்குப் போகும் முதியவரின் வீட்டையும் தாண்டிப் பார்சல் போகக் கூடாது. எவர் தாகத்தோடு வருகிறார் என்று பார்த்துக் குளம் வற்றுவதில்லை.

தொண்டின் தொடக்கத்தைவிடத் தொடர்ச்சியே கடினம். உலக முதியோர் தினம் ஒக்ரோபர் 1 ஆந் திகதி. ஐக்கிய நாடுகள் சபை 1990 இல் பிரகடனப்படுத்தி, அடுத்த ஆண்டு முதல் கொண்டாடப்படுகிறது. அன்றைக்குப் பனர் கட்டி ஆரம்பித்த சேவைகள் மார்கழி மழையோடு கரைந்துபோன ஊர்கள் உண்டு. வாரத்தில் ஏழு நாளும் வருவோம் என்று சொல்லி மூன்று வாரம் வந்தவர்களைவிட, புதன்கிழமை மட்டும் வருவேன் என்று சொல்லி மூன்று வருடம் வந்தவரே மேலானவர். ஏனெனில் வருவேன் என்ற சொல்லை முதியவர் மறப்பதில்லை. காலையிலேயே முகம் கழுவி, திருநீறு பூசி, நல்ல சேலை உடுத்து, கேற்றைத் திறந்து வைத்துவிட்டு இருப்பார். மத்தியானம் கழியும்வரை இருப்பார். வராதவருக்கு அது மறந்துபோன ஒரு சிறு விடயம். சிறிய கொப்பி ஒன்றில் இன்ன கிழமை இன்னார் என்று எழுதி, வர இயலாவிட்டால் முதல்நாளே வேறொருவரிடம் சொல்லிவிட வேண்டும். பெரிய திட்டங்களைவிட இந்தக் கொப்பி பெறுமதியானது.

பார்சலை மறுத்த ஆச்சியின் வீட்டுக்கு அந்தப் பையன் மறுநாளும் போனான். அன்று அவன் கையில் பார்சல் இல்லை. கோயில் அன்னதானத்துக்கு முருங்கையிலை வேண்டும் என்று கேட்டான். ஆச்சி கொக்கத்தடியைக் காட்டி, எந்தக் கொப்பை முறிக்கலாம், எதை முறிக்கக் கூடாது என்று சத்தம் போட்டு முறிக்கச் செய்தார். இலையைக் கட்டிக் கொடுத்துவிட்டு, “அங்கை சமைச்சாப்போலை எனக்கும் ஒருபிடி கொண்டா. உப்புச் சரியோ எண்டு பாக்கோணும்” என்றார். அதன்பின் பார்சல் நாள்தோறும் போனது. முருங்கையிலை, தேசிக்காய், சில நாளில் ஒரு பிடி கறிவேப்பிலை என்று ஏதாவது ஒன்று திரும்பி வந்தது. உப்பைப் பற்றிய தீர்ப்பும் கூடவே வந்தது. பெரும்பாலும் காணாது என்றுதான்.

அடுத்த ஆண்டு ஆச்சி பாயோடு ஆனார். முருங்கை மரமும் ஒரு காற்றுக்கு முறிந்துவிட்டது. திருப்பி அனுப்ப அவரிடம் ஒன்றும் இல்லை. பையன் வந்து, கரைத்த சோற்றைக் கரண்டியால் ஊட்டியபின், பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தை விரித்துச் சத்தமாக வாசிப்பான். ஆச்சி கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருப்பார். தெரிந்த ஊர்ப்பெயர் வந்தால் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லுவார். அவர் ஆரின்ரை ஆள், எந்த ஒழுங்கையில் இருந்தவர், ஆரைக் கலியாணம் முடித்தவர் என்று மெல்லிய குரலில் அவனுக்குச் சொல்லி முடித்தபின்தான் அடுத்த அறிவித்தலுக்குப் போகலாம்.